மொகலே ஆஸம்: ஒரு திரைப்படத்தின் மொழி வரலாறும் மொழிபெயர்ப்புச் சிக்கல்களும்

0. முன்னுரை

1960ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் பம்பாய் மராத்தா மந்திர் திரையரங்கில் வெளியான 'மொகலே ஆஸம்' என்னும் படம் இந்தியத் திரைப்பட வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றது. 1975இல் 'ஷோலே' வெளிவரும்வரை மிகுந்த வருவாய் ஈட்டிய இந்திப் படம் என்னும் சிறப்பு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் இதற்கே உரியதாயிருந்தது. 2004 நவம்பரில் முழுதும் வண்ணம் ஏற்றப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தபோது, படம் முதலில் வெளியானபின் பிறந்த தலைமுறையினரும் அதனைக் கண்டனர். 2016இல் மேடை இசைநாடகமாகவும் அது மறுபிறவி எடுத்தது.

இந்நிலைபேற்றுக்குக் காரணமாகப் பெரும்பாலும் கூறப்படுவன அரங்க அமைப்பின் பிரம்மாண்டம், நௌஷாதின் இசை, மதுபாலாவின் அழகு, பிருத்விராஜ் கபூரின் கம்பீரம் ஆகியனவாம். இவற்றை மறுப்பதற்கில்லை. ஆயினும் இப்படத்தை மீண்டும் மீண்டும் காண்போர் நினைவில் வைத்துச் சொல்லிக் காட்டுவன காட்சிகளை மட்டுமல்ல. அதன் உரையாடல்களையும் ஆகும். இப்படத்தின் உயிர்நிலை அதன் மொழியே என்பதும், அம்மொழியின் உள்வேறுபாடுகளை இனங்கண்டாலன்றி அதனைப் பிறிதொரு மொழிக்குக் கொண்டுசெல்ல இயலாது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். இப்படத்திற்கு 1961இல் தமிழ் வடிவம் ஒன்று வெளிவந்தது என்பதனால் இவ்வாய்வு தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கும் பயன்படக்கூடும்.

1. படம் உருவான வரலாறு

இயக்குநர் கே. ஆசிப் 1940களின் இடைப்பகுதியிலேயே இப்படத்தைத் தொடங்கினார். அப்போது அக்பராகச் சந்திரமோகனும், அனார்கலியாக நர்கிஸும், சலீமாகச் சப்ருவும் நடிப்பதாக இருந்தது. 1947இல் நாடு பிரிக்கப்பட்டபோது படத்திற்குப் பொருளுதவி செய்துவந்த ஷிராஸ் அலி ஹக்கீம் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தார். 1949இல் சந்திரமோகன் காலமானார். இவ்விரு இழப்புகளால் முதல் முயற்சி நின்றுபோயிற்று. கட்டுமானத் தொழிலதிபரான ஷாபூர்ஜி பல்லோன்ஜி மிஸ்திரி பொருள் வழங்க முன்வந்தபின், 1950களின் தொடக்கத்தில் திலீப்குமார், மதுபாலா, பிருத்விராஜ் கபூர், துர்கா கோட்டே ஆகியோரைக் கொண்டு பணி புதிதாகத் தொடங்கப்பட்டது.

197 நிமிடம் ஓடும் இப்படத்தின் பெரும்பகுதி கறுப்பு வெள்ளையில் அமைந்தது. லாகூர்க் கோட்டையின் கண்ணாடி மாளிகையைப் பின்பற்றிப் பம்பாய் மோகன் ஸ்டுடியோவில் எழுப்பிய அரங்கில் எடுக்கப்பட்ட பாடலும், இறுதிப் பகுதியும் மட்டுமே வண்ணத்தில் அமைந்தன. ஒளிப்பதிவு ஆர்.டி. மாத்தூர். பாடல்கள் ஷகீல் பதாயூனி. இசை நௌஷாத். இந்துஸ்தானி இசைமேதை படே குலாம் அலி கான் இரண்டு பாடல்களைப் பாடினார்.

மொழி வரலாற்று நோக்கில் கருதத்தக்கது இப்படத்தின் எழுத்துப்பணி ஆகும். அமான், கமால் அம்ரோஹி, எஹ்சான் ரிஸ்வி, வஜாஹத் மிர்ஸா ஆகிய நால்வர் உரையாடல் எழுதினர். நால்வரும் உருது மரபில் ஊறியவர்கள். 1961இல் சிறந்த உரையாடலுக்கான பிலிம்பேர் விருது இப்படத்திற்கு வழங்கப்பட்டது. இவர்களுள் வஜாஹத் மிர்ஸா இதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்த 'கங்கா ஜமுனா' படத்திற்குக் கிழக்கத்திய நாட்டுப்புற வழக்கில் உரையாடல் எழுதினார் என்பது நினைக்கத்தக்கது. அரண்மனை உருதுவும் உழவர் பேச்சும் ஒரே எழுத்தாளரின் கைக்குள் அடங்கியிருந்தன. நடைவகைகளைத் தெரிந்து கையாளும் பயிற்சி அக்காலத் திரை எழுத்தாளரிடம் இருந்தமைக்கு இது சான்றாகும்.

2. கதையும் வரலாறும்

அனார்கலி என்னும் பெண்ணைப் பற்றி அபுல் பஸலின் அக்பர்நாமாவில் குறிப்பில்லை. ஜஹாங்கீர் தாமே எழுதிய நினைவுக் குறிப்புகளிலும் இல்லை. 1611இல் லாகூரில் இருந்த வில்லியம் பிஞ்ச் என்னும் ஆங்கில வணிகரின் குறிப்பே இக்கதையின் பழைய எழுத்துச் சான்று. அதிலும் அப்பெண் அக்பரின் மனைவியருள் ஒருவராகவே குறிக்கப்படுகிறார். லாகூரில் அனார்கலியின் பெயரால் வழங்கும் கல்லறை ஒன்று இன்றும் உள்ளது.

வாய்மொழியாக வழங்கிய இக்கதைக்கு நிலையான வடிவம் தந்தவர் இம்தியாஸ் அலி தாஜ். 1922இல் அவர் எழுதிய 'அனார்கலி' என்னும் உருது நாடகமே பின்வந்த திரைப்படங்கள் பலவற்றிற்கும் மூலம். 1928இல் இரண்டு மௌனப் படங்களும், 1935இல் ஒரு பேசும்படமும், 1953இல் பீனா ராய் நடித்த 'அனார்கலி'யும் இதே கதையைக் கூறின. ஆகவே 1960இல் அரங்கிற்குச் சென்றவர் எவருக்கும் கதை புதிதன்று. தெரிந்த கதையைக் கேட்கச் சென்றோர் அது எங்ஙனம் சொல்லப்படுகிறது என்பதையே எதிர்நோக்கினர். இது நம் நாட்டுக் கூத்து மரபிற்கும் பொருந்தும். பாரதக் கதையை அறியாதவர் எவரும் தெருக்கூத்துப் பார்க்கச் செல்வதில்லை.

முந்தைய வடிவங்களிலிருந்து ஆசிபின் படம் வேறுபடும் இடங்கள் இரண்டு. ஒன்று, காதலர் கதை என்னும் நிலையிலிருந்து தந்தை மகன் மோதலாக இது மாறுகிறது. படத்தின் பெயரே அக்பரைச் சுட்டுவதாகும். மற்றொன்று, படத்தைத் தொடங்கி வைப்பது எந்தக் கதைமாந்தரின் குரலும் அன்று. இந்திய நிலப்படம் திரையில் எழுந்து, தன்னை இந்துஸ்தான் என அறிமுகப்படுத்திக்கொண்டு, தன்னை நேசித்தவர்களுள் ஒருவராக அக்பரைச் சுட்டிக் கதையைத் தொடங்குகிறது. பிரிவினைக்கு முன் தொடங்கிப் பிரிவினைக்குப் பின் முடிந்த ஒரு படத்தில், நிலமே பேசி ஒரு மொகலாயப் பேரரசரைத் தன்னவர் என உரிமை கொண்டாடுவது பொருள் பொதிந்தது.

3. 'இந்தி' என்னும் பெயரும் உருது என்னும் மொழியும்

1960ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் இப்படம் சிறந்த இந்திப் படத்திற்கான பிரிவில் பரிசு பெற்றது. ஆனால் இதன் உரையாடலைக் கேட்போர்க்கு அது உருது என்பது உடனே விளங்கும். இம்முரண்பாட்டின் பின்னணி விளக்கத்தக்கது.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 343ஆம் பிரிவு தேவநாகரி எழுத்திலான இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக்கிற்று. 351ஆம் பிரிவு, இந்தியின் சொல்வளம் முதன்மையாகச் சமஸ்கிருதத்திலிருந்து பெருக்கப்படவேண்டும் என வழிகாட்டிற்று. அகில இந்திய வானொலியின் செய்திமொழி 1950களில் வடசொல் மிகுந்ததாக மாறியது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் காலத்தில் திரைப்பாடல்கள் வானொலியிலிருந்து விலக்கப்பட்டன. கேட்போர் இலங்கை வானொலிக்குச் சென்றனர். 1957இல் விவித பாரதி தொடங்கப்பட்டபின்னரே திரையிசை மீண்டும் இடம்பெற்றது.

இவ்வாறு கல்விக்கூடத்திலும் அலுவலகத்திலும் வானொலியிலும் உருதுவின் இடம் சுருங்கிவந்த அதே பத்தாண்டில், பம்பாய்த் திரையுலகம் அம்மொழிக்குப் புகலிடமாயிற்று. எழுத்து வடிவம் தேவையற்ற ஊடகம் ஆதலின், நாகரியா நஸ்தாலிக்கா என்னும் பூசல் அரங்கினுள் நுழையவில்லை. செவிக்கு எட்டுவது பேச்சு மட்டுமே. மொழிக்குப் 'பெயர்' ஒன்றும் 'ஒலி' வேறொன்றுமாக அமைந்தமை ஓர் ஒப்பந்தம் போன்றது. பெயரை அரசு வைத்துக்கொண்டது. ஒலியைச் சுவைஞர் வைத்துக்கொண்டனர். இப்படம் நிலைத்து நிற்பதற்கு இவ்வொப்பந்தமும் ஒரு காரணம். மக்கள் எழுதப் படிக்கக் கல்லாத ஒரு மொழிநடையைக் கேட்டு மகிழும் வாய்ப்பினை இப்படம் அவர்களுக்கு அளித்துவருகிறது.

4. படத்தினுள் நடைவகைகள்

'படத்தின் மொழி உருது' என்று கூறி நின்றுவிடுவதும் முழுமையாகாது. அதனுள் குறைந்தது மூன்று நடைவகைகள் உள்ளன.

முதலாவது, அக்பரும் சலீமும் அரசவையோரும் பேசும் பாரசீகச் சொற்கள் மிகுந்த உருது. இதன் இலக்கண அடையாளம் பாரசீகத்திலிருந்து வந்த 'எ' என்னும் இணைப்புருபு. படத்தின் பெயரே இதற்கு எடுத்துக்காட்டு. 'மொகல் - எ - ஆஸம்' என்பதில் பெயர் முன்னும் அடை பின்னுமாக அமைகின்றன. 'ஸில்லே இலாஹி' (இறைவனின் நிழல்), 'ஸாஹிபே ஆலம்' (உலகின் தலைவர், இளவரசரைக் குறிப்பது) ஆகியனவும் இவ்வாறே. இந்தியும் தமிழைப்போல் அடையை முன்வைக்கும் மொழி. ஆகவே முறைமாறிய இத்தொடரமைப்பைக் கேட்ட அளவிலேயே இது அன்றாடப் பேச்சன்று, அரசவைப் பேச்சு என்னும் உணர்வு தோன்றிவிடுகிறது. பொருள் விளங்காதவர்க்கும் தகுதிநிலை விளங்குகிறது.

இரண்டாவது, அரசி ஜோதாவும் இராசபுத்திர மாந்தரும் பேசும் மொழி. இது ஒப்பளவில் வடசொல் மிகுந்தது. அக்பரை ஜோதா 'மஹாபலி' என விளிப்பது குறிப்பிடத்தக்கது. ஒரே மனிதர் அவையில் ஸில்லே இலாஹியாகவும் அந்தப்புரத்தில் மஹாபலியாகவும் அழைக்கப்படுகிறார். விளிச்சொல் மாறும்போது அவருடைய உலகமும் மாறுகிறது.

மூன்றாவது, பாடல்களில் இடம்பெறும் விரஜமொழி. கண்ணன் பிறந்தநாள் விழாக் காட்சியில் அனார்கலி ஆடிப் பாடும் பாடல் விரஜமொழியில், துமிரி மரபில் அமைந்தது. நடன அமைப்பு இலச்சு மகாராஜ். மொகலாய அரண்மனையில், ஓர் இசுலாமியப் பணிப்பெண் கண்ணன் குறும்பைப் பாட, பேரரசர் கேட்டு மகிழ்கிறார். இக்காட்சி சொல்லும் கருத்தை வேறு சொற்பொழிவு எதுவுமின்றி மொழிமாற்றமே சொல்லிவிடுகிறது.

இம்மூன்றும் கலந்த மொழியின் குறியீடாகக் கதைத்தலைவியின் பெயரே அமைந்துள்ளது. படத்தில் நாதிரா என்னும் பெண்ணுக்கு அக்பர் சூட்டும் பட்டப்பெயர் அனார்கலி. 'அனார்' பாரசீகச் சொல், மாதுளை; 'கலீ' இந்திய மொழிச் சொல், மொட்டு. இரு மொழி இணைந்த தொகைச்சொல்லாகிய இப்பெயர் வடநாட்டுச் செவிக்குப் பொருள் விளங்கும் பெயர். தமிழில் அது பொருள் விளங்காத வெறும் இடுகுறியாகிவிடுகிறது.

5. தமிழில் 'அக்பர்'

இப்படத்தை உருது, தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் உருவாக்கவேண்டும் என்பது ஆசிபின் திட்டம். தமிழ் வடிவம் 'அக்பர்' என்னும் பெயரில் 1961இல் வெளியாயிற்று. அது வணிக நோக்கில் வெற்றி பெறவில்லை. அதன்பின் ஆங்கில வடிவம் கைவிடப்பட்டது.

ஒரு படத்தின் தோல்விக்குக் காரணங்கள் பலவாக இருக்கலாம். அவற்றுள் மொழி ஒன்றே காரணம் எனத் துணிவது முறையன்று. திலீப்குமார் நடித்து நௌஷாத் இசையமைத்த 'ஆன்' (1952), 'உரன் கடோலா' (1955) ஆகியனவும் தமிழ் பேசியவையே. பின்னது 'வானரதம்' என்னும் பெயரில் வந்தது. ஆகவே மொழிமாற்றுப் படம் தமிழ்ச் சுவைஞர்க்குப் புதுமையன்று. எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருந்தது. எஸ்.எஸ். வாசனின் 'சந்திரலேகா' 1948இல் இந்தி வடிவில் வடநாடு சென்று பெரும் வரவேற்புப் பெற்றது. ஆயினும் 'சந்திரலேகா'வின் ஈர்ப்பு முரசு நடனம் முதலிய காட்சிகளில் இருந்தது. அதனால் மொழி எல்லையைக் கடப்பது எளிதாயிற்று. ஈர்ப்பு உரையாடலில் இருக்கும் படத்திற்கு இது எளிதன்று.

மேலும், 1961இல் தமிழ்ச் சுவைஞர் சலீம் அனார்கலிக் கதையைத் தமிழிலேயே அறிந்திருந்தனர். 'இல்லற ஜோதி' (1954) படத்தில் மு. கருணாநிதி எழுதிய அனார்கலி நாடகம் இடம்பெற்றது. சலீமாக நடித்தவர் சிவாஜி கணேசன். 1955இல் அஞ்சலிதேவி, நாகேசுவரராவ் நடிப்பில் 'அனார்கலி' தெலுங்கிலும் தமிழிலும் வந்தது. 'பராசக்தி' (1952), 'மனோகரா' (1954) ஆகியவற்றிற்குப்பின் அரசவை உரையாடல் என்றால் எதுகை மோனையுடன் அடுக்கிவரும் செந்தமிழ் என்னும் எதிர்பார்ப்பு நிலைபெற்றுவிட்டது. அதாவது, 'அக்பர்' வருமுன்பே தமிழ்த் திரையில் அரசவைக்கு எனத் தனிமொழி ஒன்று இருந்தது. அம்மொழிக்குத் தனக்கே உரிய அரசியலும் இருந்தது.

இங்கேதான் மொழிபெயர்ப்பாளரின் உண்மையான இடர்ப்பாடு தோன்றுகிறது. மூலத்தில் அக்பர் பாரசீகம் கலந்தும் ஜோதா வடசொல் கலந்தும் பேசுகின்றனர். இவ்வேறுபாட்டைத் தமிழில் காட்டவேண்டுமாயின், ஒருவர்க்குத் தூய தமிழும் மற்றவர்க்கு மணிப்பிரவாளமும் கொடுக்கலாம். ஆனால் தமிழகத்தில் இவ்விரு நடைகளும் சமயவேறுபாட்டைக் குறிப்பனவல்ல. அவை சமூக, அரசியல் வேறுபாட்டைக் குறிப்பன. திராவிட முன்னேற்றக் கழகம் 1962 தேர்தலில் ஐம்பது இடங்களைப் பெற்ற காலச்சூழலில், மேடைச் செந்தமிழ் பேசும் அக்பர் எந்த அணியைச் சேர்ந்தவராகக் கேட்கப்பட்டிருப்பார்? வடசொல் மிகுந்து பேசும் ஜோதா எவ்வீட்டுப் பெண்ணாகக் கேட்கப்பட்டிருப்பார்? மூலத்தில் இணக்கத்தைக் காட்டும் இருநடை தமிழில் பிணக்கைக் காட்டக்கூடும்.

தொடக்கத்தில் பேசும் நிலப்படத்திற்கும் இதே நிலைதான். 'இந்துஸ்தான்' என்னும் சொல் வடவர்க்கு நாடு முழுவதையும் குறிக்கும். தமிழர் செவியில் அது வடநாட்டையே நினைவூட்டும். 'பாரதம்' எனின் தேசிய இயக்கப் பாடல்களின் மணம் வீசும். 'இந்தியா' எனின் அரசாங்க அறிக்கையின் தொனி வரும். மூன்றும் ஒரே நாட்டின் பெயர்களாயினும், மூன்று வேறு பேசுநர்களை உருவாக்குகின்றன.

6. சொற்களின் சமூக வரலாறு

தமிழில் பாரசீக, அரபுச் சொற்கள் இல்லாமலில்லை. சர்க்கார், தாசில்தார், வக்கீல், ஜாமீன், ஜப்தி, கைதி, வசூல், பாக்கி, மகசூல், மராமத்து, ரத்து, ராஜினாமா, சிபாரிசு எனப் பட்டியல் நீளும். ஆனால் இவை எவ்வழியாக வந்தன என்பதை நோக்கவேண்டும். ஆர்க்காட்டு நவாபு ஆட்சியிலும் அதனைத் தொடர்ந்த கும்பினி ஆட்சியிலும் வரித்தண்டல், நீதிமன்றம், படை ஆகியவற்றின் வழியே வந்தவை இவை. எனவே இச்சொற்கள் தமிழில் கச்சேரி வாடையும் தாலுகா அலுவலக வாடையும் உடையன. காதலையும் உறுதியையும் பிரிவையும் குறிக்கும் பாரசீகச் சொற்கள் அவற்றுடன் வரவில்லை. உருதுவில் 'உசூல்' என்பது கொள்கை. தமிழ் 'வசூல்' பணம் தண்டுதல். இரண்டும் அரபு மொழியில் வெவ்வேறு வேரின. எனினும் ஒலிநெருக்கத்தால் முன்னது தமிழர்க்குப் பின்னதையே நினைவூட்டும். உருதுவில் மாட்சி தரும் சொல்லடுக்கு தமிழில் வரிக்கணக்கைத் தருகிறது என்பதே சிக்கல்.

சில விளிச்சொற்களை இங்குத் தனித்தனியே நோக்கலாம்.

மஹாபலி: வடமொழியில் பெருவலியோன். தமிழ்ச் செவியில் இது வாமனனால் அடக்கப்பட்ட அசுரவேந்தன் பெயர். எழுத்தளவில் 'பலி' என்பது காவு கொடுத்தலையும் குறிக்கும். மகனைப் பலியிடத் துணியும் தந்தையின் கதையில் இம்மயக்கம் எவரும் நினையாத ஒரு பொருளைச் சேர்த்துவிடும். சொல்லை அப்படியே எடுத்தாள்வது எப்போதும் பாதுகாப்பான வழியன்று என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

ஸில்லே இலாஹி: 'இறைவனின் நிழல்' என்பது நேர்ப்பொருள். பாரசீக மரபில் இது உயர்வைக் குறிக்கும். தமிழில் ஒருவரை மற்றொருவரின் நிழல் என்றால் தனித்தன்மை அற்றவர் என்று பொருள்படக்கூடும். ஆனால் தமிழ் மரபில் அரசனுக்கு வேறொரு நிழல் உண்டு. அது வெண்கொற்றக்குடையின் நிழல்; குடிகள் தங்கும் தண்ணிழல். மேலும் தமிழில் 'இறை' என்னும் சொல்லே கடவுளையும் அரசனையும் ஒருங்கு குறிக்கும். திருக்குறளில் அரசனைப் பற்றிய அதிகாரத்தின் பெயர் 'இறைமாட்சி'. பாரசீகம் இரண்டு சொற்களால் இணைத்துக்காட்டும் உறவைத் தமிழ் ஒரே சொல்லில் கொண்டிருக்கிறது. இங்குத் தமிழ் வறுமையுடையதன்று, மூலத்தினும் செறிவுடையது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர்க்கு இச்செல்வம் புலப்படாது.

கனீஸ்: விலைக்கோ கொடையாகவோ பெறப்பட்ட அடிமைப்பெண். அனார்கலி தன்னைக் குறிக்க ஆள்வதும், பிறர் அவளைத் தாழ்த்த ஆள்வதும் இச்சொல்லையே. 'பணிப்பெண்' என்றால் கட்டுண்ட நிலை புலப்படாது. 'சேடி' என்றால் தோழமைச் சாயல் வந்துவிடும். 'அடிமைப்பெண்' பொருளுக்கு நெருங்கியது. ஆயின் ஈரசைச் சொல்லின் வாயசைவிற்குள் அது அடங்காது. தன்னைக் குறிக்கும் இடத்தில் 'அடியாள்' பொருந்தும் எனலாம். ஆனால் அச்சொல்லில் பத்தி இலக்கியத்தின் பணிவு ஒருபுறமும், இன்றைய பேச்சில் ஏவலுக்கு அடிதடி செய்பவன் என்னும் பொருள் மறுபுறமும் நிற்கின்றன. மூலத்தில் இச்சொல் அனார்கலிக்குக் காலில் பூட்டிய சங்கிலி போன்றது. அதனைத் தானே எடுத்துச் சொல்லும்போது அவளுக்கு அதுவே படைக்கலமும் ஆகிறது. இவ்விரு பயனும் தரும் ஒரு சொல்லைத் தேடுவதே இங்கு மொழிபெயர்ப்பாளரின் பணி.

ஹம்: அக்பர் தம்மைச் சுட்டும் தன்மைப் பன்மை. இந்தியில் இதற்கு உளப்பாடு, உளப்பாடின்மை என்னும் வேறுபாடில்லை. அவத் முதலிய பகுதிகளில் எளியோரும் தம்மை ஒருமையில் குறிக்க இதனை வழங்குவர். தமிழில் 'யாம்' என்றால் பழமை மிகும். 'நாம்' என்றால் கேட்போனையும் உளப்படுத்தும். தந்தை மகனிடம் 'நாம்' என்று பேசும்போது, அரசர் தம்மையே சொல்கிறாரா, இருவரையும் சேர்த்துச் சொல்கிறாரா என்னும் ஐயம் எழும். மோதல் காட்சியில் இவ்வையம் குறையாக இல்லாமல் பயனாகவும் அமையலாம். அரசராக 'யாம்' என்றும், தந்தையாக நெகிழுமிடத்தில் 'நாம்' என்றும் வேறுபடுத்த இடமுண்டு. மூலமொழியால் இயலாத ஒன்று தமிழால் இயலும்.

சொல்லுக்கு அப்பால் காட்சியும் மொழிபெயர்ப்பாளரைக் கட்டுப்படுத்துகிறது. கணவனும் மகனும் போர்க்களத்தில் எதிர்நிற்கும்போது ஜோதாவின் இக்கட்டைப் படம் மங்கலச் சின்னத்தின் வழி உணர்த்துகிறது. வடநாட்டில் அது வகிட்டுக் குங்குமம். தமிழில் இவ்வுணர்வைத் தாங்கும் சொல் 'தாலி'. ஆனால் திரையில் தெரிவது தாலியன்று. புதினத்தை மொழிபெயர்ப்பவர்க்கு உள்ள உரிமை திரைப்படத்தை மொழிபெயர்ப்பவர்க்கு இல்லை என்பதற்கு இது சான்று.

7. குரலும் பேச்சுமுறையும்

உரையாடலின் ஆற்றல் எழுத்தில் மட்டும் இல்லை. பிருத்விராஜ் கபூர் 1944இல் பிருத்வி தியேட்டர்ஸ் என்னும் நாடகக் குழுவை நிறுவியவர். அக்பராக அவர் பேசும் முறை மேடை மரபினது. ஒவ்வோர் அசையும் அரங்கின் கடைசி வரிசைக்கு எட்டவேண்டும் என்னும் நோக்குடையது. திலீப்குமாரோ ஒலிவாங்கியை நம்பித் தாழ்குரலில், இடைநிறுத்தங்களுடன் பேசுபவர். பார்சி நாடக மரபும் பேசும்படக் காலத்து நடிப்பும் ஒரே காட்சியில் தந்தையும் மகனுமாக எதிர்நிற்கின்றன. தலைமுறை மோதல் கதையில் மட்டுமன்றிக் குரலிலேயே நிகழ்கிறது. 'உருது' என்னும் ஒரு மொழிக்குள்ளேயே இவ்வேறுபாடு இருத்தலின், பெயர்க்கும்போது இருவர்க்கும் ஒரே வகையான அடுக்குமொழியைக் கொடுத்தால் படத்தின் முதன்மையான முரண் மறைந்துவிடும்.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன சிலவற்றைத் தொகுத்துக் கூறலாம்.

'மொகலே ஆஸம்' நிலைத்திருப்பது, வழக்கிழந்துவரும் ஒரு மொழிநடையை உயிருடன் கேட்கும் வாய்ப்பினை அது தருவதால் ஆகும். ஒரு மொழிக்குள் பல நடைகள் ஒன்றையொன்று மதித்து வாழ்ந்த நிலையைப் படம் கேட்கத்தக்கதாகச் செய்கிறது. அதனை 'இந்தி' என்னும் ஒரே பெயரால் வகைப்படுத்தும் பட்டியல்கள் இந்நடைவேறுபாட்டை மறைத்துவிடுகின்றன. மொழிபெயர்ப்பாளர் அப்பட்டியலை நம்பித் தொடங்கினால் மூலத்தில் ஒரு மொழியையே காண்பார். ஆக்கத்திலும் ஒரு நடையையே தருவார்.

தமிழில் இதற்கு வழியில்லையா எனின், உண்டு எனலாம். பதினேழாம் நூற்றாண்டில் உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டு வரலாற்றைத் தமிழ்க் காப்பிய மரபில் பாடினார். தமிழ் இசுலாமிய இலக்கியம் கிஸ்ஸா, நாமா, மசலா, முனாஜாத்து முதலிய வகைகளைத் தமிழாக்கிக்கொண்டது. அங்கு அரபு, பாரசீகச் சொற்கள் கச்சேரி வாடையின்றி, பத்தியும் வீரமும் பாசமும் சுமந்து வழங்கின. இத்தமிழ் மரபை உருதுவிலிருந்து தமிழாக்குவோர் தம் கருவூலமாகக் கொள்ளலாம். அரசவைக்குத் திரையுலகச் செந்தமிழ், ஆவணத்திற்குத் தாலுகாத் தமிழ் என்னும் இரண்டே வழிகள் உள்ளன என்று கருதவேண்டியதில்லை.

இன்று பழைய படங்கள் தமிழ் எழுத்துரையுடன் வீடுகளிலேயே காணப்படுகின்றன. எழுத்துரையில் வாயசைவுக் கட்டுப்பாடு இல்லை, மூலக்குரலும் கேட்கிறது. 'ஸில்லே இலாஹி' என்னும் ஒலியைச் செவி கேட்டுக்கொண்டிருக்க, கண் தமிழைப் படிக்கிறது. 1961இல் 'அக்பர்' படத்திற்குத் தமிழ் எழுதியோர்க்குக் கிடைக்காத வாய்ப்பு இது. அவர்கள் மூலக்குரலை அழித்துவிட்டுத் தமிழைப் பொருத்தவேண்டியிருந்தது. இன்றைய மொழிபெயர்ப்பாளர் அக்குரலின் அருகிலேயே தம் சொல்லை வைக்கிறார். ஆகவே பிழை உடனே தெரிந்துவிடும். பொருத்தமும் உடனே தெரியும். மஹாபலி என்னும் ஒலியின் கீழ் எச்சொல்லை எழுதுவது என்னும் வினாவிற்கு விடை காண, அக்பரின் அவையையும் அறிந்திருக்கவேண்டும். தமிழர் அச்சொல்லை எவ்வாறு கேட்பர் என்பதையும் அறிந்திருக்கவேண்டும்.